தக்காளியின் வால்

முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த உமாதேவி, செருப்பைக் கழற்றும்போதே மீன் தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுப் பார்த்திருந்தால் இரண்டு வாய் சோறாவது நிம்மதியாக உள்ளே போயிருக்கும். தக்காளியின் வாலில் ஒரு பகுதியைக் காணவில்லை.

தக்காளி என்பது மீன். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த சிவப்புத் தங்கமீன். அது திரும்பும்போது வால் பட்டுப் பாவாடை சுழல்வது போல விரியும். அந்த வாலின் ஓரம் இப்போது வெளுத்து, நைந்து, நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் துடுப்புகளிலும் அதே வெளுப்பு. மீன் ஒரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கண்ணாடியைத் தட்டினால்கூட நகரவில்லை.

உமாதேவி தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஒரு மீனுக்கா இத்தனை பதற்றம் என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். ஏலவார்குழலி இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு அந்த மீனைத் தவிர வேறு காரணமே கிடையாது.

குழலி அவள் பெற்ற பெண் இல்லை. கணவன் தேவநாதனின் முதல் மனைவி பெற்றவள். அந்த அம்மாள் காலமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. உமாதேவி இந்தப் பிள்ளைப்பாக்கம் வீட்டுக்கு வந்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. இத்தனை நாளில் குழலி ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை. போட்டதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று, இவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள். சித்தி என்றோ ஆன்ட்டி என்றோ கூப்பிட ஒரு சொல் அவளிடம் இல்லை. லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள்தான் இத்தனை மரியாதையாக நடந்துகொள்வார்கள்.

பத்தாவது பரீட்சை முடிந்ததும் காஞ்சிபுரத்திலிருந்து அவளுடைய பெரியம்மா சசிரேகா வந்து, லீவுக்கு என்று அழைத்துப் போனாள். போய் இறங்கியதுமே வேறு பாட்டு பாட ஆரம்பித்தாள். பிளஸ் ஒன்னுக்கு இங்கேயே சேர்த்துவிடுகிறேனே, நல்ல ஸ்கூல், வீட்டுக்குப் பக்கம், நான் பார்த்துக்கொள்கிறேன். தேவநாதன் போனில் ம்ம், ம்ம் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் மகளைக் கூப்பிட்டான்.

"நீ இன்னாமா சொல்ற?"

"வருவேன்பா," என்றாள் குழலி. "தக்காளி அங்கதான கீது. பெரியம்மா வூட்ல பூன இருக்கு, இங்க எடுத்தாற முடியாது. வந்துதான ஆவணும்."

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட உமாதேவி, தொட்டியைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். அப்பாவுக்காக வரவில்லை, தனக்காக நிச்சயமாக வரவில்லை. மீனுக்காக வருகிறாள். எதற்காக வந்தால் என்ன, வந்தால் சரி. காலையில் அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டுவதைப் பார்ப்பதிலேயே அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. தனக்கென்று பிள்ளை இல்லாதவள் அவள். இவள் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். இதை யாரிடமும் சொல்ல வாய் வந்ததில்லை.

இப்போது அந்தக் காரணத்துக்குத்தான் வால் அழுகிக்கொண்டிருந்தது.

உமாதேவி ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டு செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறாள். அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு வேதம் உண்டு. எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம், எல்லா இடத்திலும் சுத்தம், எல்லா நாளும் சுத்தம். மற்றவர்கள் அதை ஐடி கார்டோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சமையலறை அலமாரியில் உப்பு டப்பா நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப். மிக்சிக்கு டேப். டிவி ரிமோட்டுக்கு டேப். வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டும் தேவநாதன் வேலை முடிந்து வந்து, "நான் எந்த டேப்புக்குள்ள நிக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவான். மீன் தீனி டப்பாவுக்கும் ஒரு மஞ்சள் சதுரம் இருந்தது. குழலி ஒரு நாளும் அந்த டப்பாவைச் சதுரத்துக்கு வெளியே வைத்ததில்லை.

நோய் என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் கழுவு. அதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மீனைக் குண்டானில் விட்டாள். தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொட்டினாள். கூழாங்கற்களை அரிசி களைவது போல் களைந்தாள். கண்ணாடியைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பால் தேய்த்தாள். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினாள். அதற்குச் சோப்பு போடும் முன்பே அதிலிருந்து கொஞ்சம் நுரை வந்தது. வந்தது என்று பார்த்தாளே தவிர, ஏன் என்று நினைக்க அப்போது அவளுக்கு நேரமில்லை. போர் தண்ணீர் உப்பாயிற்றே என்று, குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரையே ஊற்றி நிரப்பினாள். தொட்டி, வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிட மினுங்கியது. கம்பெனிக்குச் சுத்தம் பார்க்க வருகிற ஆடிட்டர் யாராவது பார்த்திருந்தால் கை கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

மறுநாள் அவள் வந்து பார்த்தபோது தக்காளி தொட்டியின் அடியில் படுத்துக் கிடந்தது. வாலில் இன்னும் கொஞ்சம் போயிருந்தது. மிச்சமிருந்ததில் ரத்தம் கோடு கோடாக ஓடியிருந்தது.

போன் அடித்தது. குழலியின் வீடியோ கால். உமாதேவி அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அடித்து ஓய்ந்ததும் சாதாரணக் காலில் இவளே கூப்பிட்டாள்.

"வீடியோ எடுக்க மாட்டேங்குதுமா. நெட்வொர்க் சரியில்ல."

"பரவால்ல. தக்காளி சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டுச்சு. நல்லா சாப்ட்டுச்சு."

ஒரு தடவை சொன்னால் போதாதா? இரண்டாவது தடவை எதற்குச் சொன்னோம் என்று வைத்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தேவநாதன் வந்து தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தான். "இது தேறாது உமா," என்றான். "நம்ப பெரும்புதூர்ல மீன் கடை கீதுல்ல, அங்க இதே மாதிரி ஒண்ணு வாங்கி வுட்று. ரெண்டும் செவப்பு, ரெண்டுக்கும் ரெண்டு கண்ணு. குழலிக்கு இன்னா தெரியப் போவுது?"

"அது உங்க பொண்ணாச்சுங்களே. அதுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தெரிஞ்சிக்கினு போவுது. செத்த மீனக் காட்றதுக்கு இது மேலு."

தேவநாதன் கெட்டவன் இல்லை. எதையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டான், அவ்வளவுதான். பஸ் ஓட்டுகிறபோது மட்டும்தான் அவன் நேராகப் பார்ப்பான் என்று உமாதேவி அவன் முகத்துக்கு எதிரிலேயே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராக ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜீவானந்தம் என்பவரின் மீன் கடை. வரிசை வரிசையாகத் தொட்டிகள், நடுவில் ஒரு ஸ்டூல், அதில் எல்லாரிடமும் எரிந்து விழுகிற ஜீவானந்தம். போனில் எடுத்து வந்த போட்டோவைக் காட்டினாள்.

"வால் அழுகல்," என்றார் அவர். "தண்ணி மாத்தறதே இல்லியா?"

"மாத்தனேங்க. முந்தாநாள்தான், முழுசா. சோப்பு போட்டு, ஸ்பாஞ்செல்லாம் நல்லா பிழிஞ்சு, கேன் தண்ணி ஊத்தி..."

ஜீவானந்தம் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாத்துக்குமா மீன் வளக்கறீங்க? வெள்ளிப் பாத்திரம் வாங்கி வெச்சுத் தேய்க்க வேண்டியதுதான? ஸ்பாஞ்சுல பழுப்பா, வழவழன்னு ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குமே, அத அழுக்குன்னு நெனச்சியா? அதுதாம்மா தொட்டிக்கே உசுரு. மீன் குடியிருக்கறதும் அந்தத் தண்ணிதான், ஒண்ணுக்குப் போறதும் அந்தத் தண்ணிதான். அந்த வெஷத்தத் தின்னு தீக்கற கிருமிங்க ஸ்பாஞ்சுலதான் இருக்குது. நல்ல கிருமி. அத்தையெல்லாம் சோப்பு போட்டுக் கொன்னுட்டா வெஷம் ஏறும், மீனு சோந்து பூடும், கெட்ட கிருமி வந்து வாலப் புடிச்சுக்கும்."

"நான் கழுவினது முந்தாநாள்தாங்க. வால் அதுக்கு முன்னயே போயிருந்துச்சு."

"அப்ப அதுக்கு முன்ன வேற யாரோ கழுவிக் கீறாங்க. போய் விசாரி."

விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. சோப்பு போடுவதற்கு முன்பே ஸ்பாஞ்சிலிருந்து வந்த நுரை ஞாபகத்துக்கு வந்தது. குழலி ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, குளியலறைக்குள் வெகு நேரம் தண்ணீர் சத்தம் கேட்டதும் ஞாபகத்துக்கு வந்தது. முழங்கை வரை ஈரத்தோடு வெளியே வந்தவளிடம், லேட்டாகிறது என்று மட்டும் சொன்னாள் இவள். லாட்ஜைக் காலி செய்கிறவர்கள் பெட்ஷீட்டை மடித்து வைத்துவிட்டுப் போவது போல, அந்தப் பெண் தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏன் என்பதும் உமாதேவிக்குத் தெரிந்தது. அவள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஜன்னலைத் திறந்துகொண்டே, "இன்னாது, வூடு பூரா மீன் நாத்தம்," என்றிருக்கிறாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. குழலி அப்போது பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குள் நின்றபடியே உமாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் செத்தால் அந்தப் பெண் திரும்பி வர மாட்டாள் என்பது ஒரு பயம். தன் கையாலேயே மீனைக் கொன்றோம் என்று அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆவாள் என்பது அதைவிடப் பெரிய பயம். தெரியவே கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினாள். கழுவியது நான் என்றே இருக்கட்டும்.

"பொழைக்குமாங்க?"

அழுகிறவளிடம் எரிந்து விழ ஜீவானந்தத்துக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. குரலை இறக்கினார். "வால் அடி வரைக்கும் போவலன்னா மறுபடி மொளைக்கும். தனியா ஒரு டப்புல எடுத்து வுடு. கல்லுப்பு கொஞ்சம் போடு. இந்த நீல மருந்து நான் சொல்ற அளவுக்கு மேல ஒரு சொட்டுகூட வுடாத. போர் தண்ணியப் புடிச்சு ஒரு நாள் தொறந்து வெச்சுட்டு, தெனம் கால்வாசி மட்டும் மாத்து. கேன் தண்ணி வோணாம், அதுல ஒரு சத்தும் இல்ல. தீனியக் கொற. காஞ்ச பாதாம் எலை கெடச்சா ஒண்ணு மெதக்க வுடு. அந்த டப்புல வெச்ச மக்கோ, வலையோ, கையோ தொட்டிப் பக்கம் போவக் கூடாது." பிறகு தன் தொட்டி ஒன்றிலிருந்து பழுப்பேறிய ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். "உன் ஃபில்டர்ல இத்தப் போடு. இத்தயும் கழுவிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பும்போது மூன்றாவது தொட்டியில் ஒன்று கண்ணில் பட்டது. அதே சிவப்பு, அதே அகலம், அதே பாவாடை வால். உமாதேவி நின்றுவிட்டாள். ஆயிரம் பீஸில் மாறி வந்த ஒரு பீஸைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ரிஜெக்ட்டை ஓகே என்று விட்டால் எங்கேயோ ஒரு கார் நடுரோட்டில் நிற்கும் என்று புதிதாக வருகிற பெண்களுக்குப் பாடம் எடுக்கிறவள். பயம் வந்தால் குவாலிட்டியாவது ஒன்றாவது? அந்த மீனையும் ஒரு கவரில் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

தக்காளி சிவப்பு டப்புக்குப் போயிற்று. டப்பைக் குளியலறை மூலையில் வைத்தாள். புதிய மீன் தொட்டியில் சுற்றி வந்தது.

கம்பெனி வளாகத்தில் கேன்டீனுக்குப் பின்னால் ஒரு பாதாம் மரம் உண்டு. மறுநாள் கீழே கிடந்த காய்ந்த இலைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி டிபன் பையில் வைத்துக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து போகும்போது கேட்டில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டிப் பெண் விழித்தாள். "இன்னா மேடம் இது, குப்ப?"

"எலைமா. மீனுக்கு மருந்து."

"உள்ள இருந்து எது வெளிய போனாலும் பாஸ் வேணும் மேடம்."

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. எட்டு வருஷமாக ஒரு ஸ்க்ரூவைக்கூட எடுத்துப் போகாதவள், இலைக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாள். செக்யூரிட்டிப் பெண் என்ன நினைத்தாளோ, பையை மூடிக் கையில் கொடுத்துவிட்டாள்.

தினமும் தண்ணீர் மாற்றினாள். டப்புத் தண்ணீர் டீ நிறத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறத்துக்கு வந்தது. அவள் விரல் நகங்களில் நீலம் ஏறி, லைனில் எல்லாரும் கேட்டார்கள். அழுகல் நின்ற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வால் முளைக்கவில்லை. தக்காளி பாதி வாலோடு டப்பின் அடியிலேயே கிடந்து செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் வீட்டுக் கதவைத் திறக்கும்போது உமாதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குள் எட்டிப் பார்ப்பாள்.

நெட்வொர்க் சரியில்லை என்ற கதையை எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு சாயந்திரம் வேறு வழியில்லாமல் வீடியோ காலை எடுத்தாள். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தொட்டியைக் காட்டினாள். புதிய மீன் வாலை விசிறிக்கொண்டு நீந்தியது.

"ஐ, தக்காளி!" என்று சிரித்தாள் குழலி. இத்தனை சந்தோஷமான குரலை உமாதேவி கேட்டதே இல்லை. கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. "கண்ணாடி மேல வெரல வைங்களேன். ஓடியாந்து முட்டும். எங்கிட்ட தெனம் அப்டிதான் பண்ணும்."

உமாதேவி விரலைத் தூக்கினாள். நகத்தில் நீலம். பாதியில் நிறுத்திவிட்டுக் காலைத் துண்டித்தாள். உடனே, கரண்ட் போய்விட்டது என்று மெசேஜ் போட்டாள். கரண்ட் போனால் போனுக்கு என்ன என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சரி என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் சசிரேகா இறங்கினாள், அவளுக்குப் பின்னால் குழலி.

"அட்மிஷன் ஆரம்பிச்சிட்டாங்க," என்றாள் சசிரேகா, உட்காருவதற்கு முன்பே. "இவ இன்னும் யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னு கீறா. சரி, மீனத்தான பாக்கணும், பாத்துட்டு ஒரு முடிவச் சொல்லுன்னு கூட்டியாந்தேன். வர்றதா இருந்தா துணிமணிய இப்பவே எடுத்துக்கலாம்."

தேவநாதன் ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழலி பையைக்கூட இறக்காமல் நேராகத் தொட்டிக்குப் போனாள். குனிந்தாள். கண்ணாடியில் விரலை வைத்தாள்.

மீன் மிரண்டு, தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஓடியது.

குழலி விரலை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து காத்திருந்தாள். மீன் எட்டிப் பார்த்தது, பிறகு மறுபடி ஒளிந்துகொண்டது. ரொம்ப நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். அழவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

"சரி பெரியம்மா," என்றாள். "துணி எடுத்துக்கறேன்."

தெரிந்துவிட்டது அவளுக்கு. தக்காளி செத்துவிட்டது, இவர்கள் வேறொன்றை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நினைத்தும், அதையும் மரியாதையாக மென்று முழுங்கிக்கொண்டு, சண்டை போடாமல், ஒரு வார்த்தை கேட்காமல் அறையைக் காலி செய்யப் போகிறாள். உமாதேவியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கத்திவிட்டுப் போனால்கூடத் தாங்கியிருப்பாள்.

"குழலி, அது தக்காளி இல்ல."

அந்தப் பெண் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். "தெரியும்."

"சாவல. இங்க வா."

குளியலறைக் கதவைத் திறந்து மூலையைக் காட்டினாள். சிவப்பு டப்பு, நீலத் தண்ணீர், அதன் மேல் மிதக்கிற இலை, அடியில் பாதி வாலோடு ஒரு மீன். குழலி ஈரத் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். விரலைத் தண்ணீரில் தொட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தக்காளி கோணலாக ஓர் அசைவு அசைந்து, சாய்ந்து சாய்ந்து மேலே வந்து, அந்த விரல் நுனியை வாயால் முட்டியது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த சசிரேகா குரலை உயர்த்தினாள். "அய்யய்யோ, இன்னா கோலம் இது! ஒரு மீனப் பாத்துக்க முடியல. இந்த லட்சணத்துல வேற ஒண்ண வாங்கி வெச்சு ஏமாத்தப் பாத்தியா? கொழந்த உன்ன நம்பி வுட்டுட்டு வந்துச்சேமா!"

"தப்புதாங்க," என்றாள் உமாதேவி. "தொட்டிய சோப்பு போட்டுக் கழுவிட்டேன். ஸ்பாஞ்சையும். அப்படிக் கழுவக் கூடாதாம், அதனாலதான் வால் அழுகிடுச்சாம். எனக்குத் தெரியல. நான் பண்ணதுதான் எல்லாம்."

குழலி திரும்பிப் பார்த்தாள். "நீங்க எப்பக் கழுவினீங்க?"

"நீ போன பெறகு."

"வால் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

உமாதேவியே சொல்லியிருந்ததால் தேவநாதனுக்கு விஷயம் தெரியும். அவன் வாயைத் திறக்கப் போனான். உமாதேவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"முன்னாடி," என்றாள்.

"பொய்," என்றாள் குழலி. அந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் கெளம்பற அன்னிக்கே கழுவிட்டேன். சோப்பு போட்டுதான். ஸ்பாஞ்சையும் சேத்து." குரல் உடைய ஆரம்பித்தது. "நாறுதுன்னு நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் கழுவினேன். அப்ப நாந்தான் பண்ணேனா?"

உமாதேவியும் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் தலையைத் தொடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தொட்டாள். தலை விலகவில்லை.

"நல்லா இருக்குது," என்று வாசற்படியிலிருந்து தேவநாதன் சொன்னான். "ஒருத்திக்கு ஒருத்தி பயந்துக்கினு, மாத்தி மாத்திக் கழுவிக் கீறீங்க. நடுவுல மாட்டுனது மீனு."

குழலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உமாதேவிக்கும்தான். சசிரேகா மட்டும் யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சரி, ஆனது ஆச்சு," என்றாள் அவள் கடைசியில், கொஞ்சம் இறங்கின குரலில். "மீனு பொழச்சுக்கும். அதான் இவங்க பாத்துக்கறாங்களே. நேரமாவுது, வா."

குழலி எழுந்திருக்கவில்லை. உமாதேவியிடம் கேட்டாள், "தெனம் தண்ணி மாத்தணுமா?"

"ம். கால்வாசி."

"எது வரைக்கும்?"

"வால் மொளைக்கற வரைக்கும். அது எப்பன்னு தெரியாது."

"செகண்ட் ஷிஃப்ட் வந்தா என்ன பண்ணுவீங்க? ஓவர்டைம் போட்டா?"

உமாதேவி உதட்டைப் பிதுக்கினாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"நான் வரல பெரியம்மா," என்றாள் குழலி. "இத்தினி நாள் தக்காளி நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நல்லாதான இருக்கு, நான் இல்லாமயே இருந்துக்கும்னு நெனச்சேன். இப்ப எப்படி வுட்டுட்டு வர்றது?"

உமாதேவிக்குச் சுரீரென்றது. மீன் நன்றாக இருக்கிறது என்று காட்டிக் காட்டி, இந்தப் பெண்ணை அனுப்பி வைக்க அவளே வழி செய்துகொண்டிருந்தாள். உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பாள்.

சசிரேகா இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்தாள், காபி குடித்தாள், தேவநாதனைத் திட்டினாள், கிளம்பிப் போனாள். போகும்போது, வால் முளைத்ததும் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயந்திரம் உமாதேவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, குளியலறையிலிருந்து குழலி குரல் கொடுத்தாள். எதிரே வந்து நிற்கவில்லை, காத்திருக்கவில்லை. உள்ளே இருந்தபடியே கத்தினாள். "தண்ணி மொள்ள இந்த மக்கா, அந்த மக்கா? புடிச்சு வெச்ச தண்ணி எது? அந்தப் புது மீனுக்கு வெங்காயம்னு பேரு வெச்சிட்டேன், சரியா?"

"பச்சக் கலர் மக்கு. தண்ணி மூலைல இருக்கற பக்கெட்டுல," என்று இவளும் பதிலுக்குக் கத்தினாள். "கைய நல்லா கழுவிட்டுத் தொட்டிப் பக்கம் போ."

"கழுவவே கூடாதுன்னீங்க?"

"கையதான்டி சொன்னேன்!"

டி என்று வாய் தவறி வந்துவிட்டதே என்று உமாதேவி திடுக்கிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் சாதாரணமாகக் கேட்டது.

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். மீன் தீனி டப்பா டிவி ஸ்டாண்டின் மேல் கிடந்தது. மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம், சுற்றிலும் கொஞ்சம் தீனி சிந்தியிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் டேப் சதுரம் காலியாக இருந்தது. எடுத்து வைக்க நீண்ட கையை உமாதேவி பாதியில் இழுத்துக்கொண்டாள். மூடியை மட்டும் போட்டுவிட்டு, டப்பாவை அது கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் துணிகளை அடுக்கப் போனாள்.